தெருவுக்குப் பெயர் வைக்கும் முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அடுத்த பொதுக்குழுவில் நீங்கள் இரண்டு விஷயங்களை முடிவு செய்யப்போகிறீர்கள். வளாகத்துக்குள் இருக்கும் மூன்று தெருக்களுக்குப் பெயர் வைப்பது ஒன்று. மெயின் கேட்டுக்கு வெளியே இருக்கும் சிமென்ட் திண்ணையை இடித்து, காம்பவுண்டு சுவரை உயர்த்துவது இன்னொன்று. அஜெண்டாவில் இவை தனித்தனியாக இருக்கின்றன. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. ஏன் என்று சொல்ல உங்களைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போக வேண்டும். பக்கத்தில்தானே இருக்கிறது.

புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்களைப் பார்த்து "பிரெஞ்சுக்காரன் பிளான்" என்போம். ஆனால் 1693 முதல் 1699 வரை அந்த ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்களும் அங்கே கட்டம் கட்டமாகத் தெரு வரைந்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரையே தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பின் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து, பழைய தெருக்களின் கோட்டிலேயே மறுபடி கட்டினார்கள். வீடுகள் போனாலும் தெரு போகவில்லை.

பெயர்கள் அப்படி நிற்பதில்லை. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. டூப்ளே பெயரில் இருந்த தெரு நேரு வீதி ஆனது. அது சின்னப் பெயர், நாக்கில் உட்கார்ந்துவிட்டது. புஸ்ஸி வீதிக்கு லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பெயர். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், "புஸ்ஸி வீதியா சார்?" என்று திருப்பிக் கேட்பார். சாஸ்திரி மீது யாருக்கும் கோபம் இல்லை, பெயர் நீளம், அவ்வளவுதான்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. செக் நாட்டுத் தலைநகர் பிராகில் ஒரு பெரிய வீதி 1920இல் பிரெஞ்சுத் தளபதி ஃபோஷ் பெயரைச் சுமந்தது. ஜெர்மானியர் ஆண்ட காலத்தில் தங்கள் தளபதி ஷ்வெரின் பெயரை மாட்டினார்கள். போர் முடிந்த பின் ஸ்டாலின். 1962இல் வினோஹ்ராட்ஸ்கா என்று வைத்தார்கள். வினோஹ்ராடி அந்தப் பேட்டையின் பெயர். திராட்சைத் தோட்டங்கள் என்று அர்த்தம். தளபதிகள் போனார்கள், திராட்சை தங்கிவிட்டது.

சரி, திண்ணைக்கு வருகிறேன். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம், துய்மா வீதியிலோ சுய்ப்ரேன் வீதியிலோ நடந்திருப்பீர்கள். உயரமான மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம். அழகுதான், போட்டோ எடுக்கலாம். ஆனால் உட்கார இடம் கிடையாது. வாய்க்காலைத் தாண்டி மேற்கே போனால் தமிழர் தெருக்கள். அங்கே பழைய வீடுகளில் தெருவை ஒட்டித் தாழ்வாரம், மரத்தூண்கள் மேல் ஓட்டுக் கூரை. வெயிலிலும் மழையிலும் போகிறவர்கள் அதன் அடியில் நடக்கலாம். அதற்கு அடுத்து, வந்தவர் உட்காரத் திண்ணை. அதற்குப் பிறகுதான் கதவு. வைசியாள் வீதி என்று நாம் சொல்லும் கலவை சுப்பராய செட்டியார் வீதியில் இந்த முகப்புகளைப் பழையபடி மீட்டெடுத்தார்கள். அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தத் திண்ணைகள் எல்லாருக்குமாக இருக்கவில்லை. யார் உட்காரலாம், யார் அந்தத் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. தெருப் பெயர்களும் அதையே சொல்லின: வெள்ளாளர் வீதி, கோமுட்டி வீதி, செட்டித் தெரு. தெருக்களிலும் குடியிருப்புகளிலும் சாதிப் பெயர்களை நீக்கத் தமிழக அரசு 2025 அக்டோபரில் அரசாணை போட்டதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. நம் ஊர்ப் பெயரிலேயே "முதலியார்" இருக்கிறது. அதை ஊர் கூடிப் பேசட்டும். என் கண் பின்பாதியில்தான் நிற்கிறது: சாவடி. வழிப்போக்கர் தங்க, பாதையோரம் கட்டி விட்ட இடம். நாம் பெரிய சாவடிக்காரர்கள்!

இப்போது நம் திண்ணையைப் பாருங்கள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள், நம் வீடுகளில் வேலை செய்துவிட்டு வெளியே வரும் அக்காமார், பார்சல் கொண்டுவரும் பையன்கள், மீன் கூடையை இறக்கி மூச்சு வாங்கும் பாட்டி. இவர்கள் உட்கார ஈ.சி.ஆர். ஓரத்தில் இந்தப் பக்கம் வேறு நிழல் இல்லை. இரவில் குடித்துவிட்டு உட்காருகிறார்கள் என்ற புகார் உண்மைதான். ஏ பிளாக்கில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு என்பதும் உண்மை. அதற்கு ஒரு விளக்கும் ஒரு கேமராவும் போதும் என்பது என் கருத்து. சுவரை உயர்த்தினால் அவர்கள் பத்தடி தள்ளி இருட்டில் உட்காருவார்கள், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பெயர்களுக்கு "பாம் அவென்யூ", "சீ வியூ லேன்" என்று சீட்டுகள் வந்திருக்கின்றன. கடல் தெரிவது மொட்டை மாடியிலிருந்து மட்டும்தான். முதல் தெருவில் பழைய கிணறு இருக்கிறது, இரண்டாவதில் முந்திரி மரம் நிற்கிறது. கிணற்றுத் தெரு, முந்திரித் தெரு என்றால் கொரியர் பையனுக்கும் புரியும். கேட்டிலிருந்து தொடங்கும் மூன்றாவதைத் திண்ணைத் தெரு என்று வைக்கலாம், திண்ணை இருந்தால்.

திண்ணைக்கு மேல் கூரை போட ஒரு கொட்டேஷன் வாங்கிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சுவர் உயர்த்தும் கொட்டேஷனும் அதே ஃபைலில் இருக்கிறது. வாக்களிக்க வரும் முன் இரண்டையும் வாங்கிப் பாருங்கள்.