நாம் தைத்த போர்வைக்கு நம் பேர்

(தோட்டப் பெண்களின் தையல் வகுப்பு நிறைவு நாளில் தையல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



ஆறு மாதமாக ஞாயிறுதோறும் வந்து தைத்தீர்கள். பழைய சேலை, சட்டைத் துண்டு, பிள்ளைகளின் சீருடை மிச்சம் எல்லாம் சேர்ந்து இன்று இந்தக் கயிற்றில் பதினொரு போர்வைகளாகத் தொங்குகின்றன. ஆங்கிலத்தில் இதைக் குயில்ட் என்பார்கள். மேலே துண்டுத் துணி, நடுவில் பஞ்சு அல்லது பழைய கம்பளி, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்து ஊடே தையல் ஓட வேணும். அதை இனி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தைத்து முடித்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். கோதுமை மா வந்த துணிப்பையைப் பிரித்து, கழுவி, அடித்துணியாக்கி ஒரு போர்வை தைத்தார். பச்சைச் சேலையில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வெட்டி, வட்டம் வட்டமாக வைத்துத் தைத்திருந்தார். லயத்தில் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். 1980களில் ஒரு நாள் பட்டணத்திலிருந்து சிலர் வந்து அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் அந்தப் படம் ஒரு கலண்டரில் வந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "கீழ என்ன எழுதியிருக்குன்னு வாசி புள்ள" என்றார். 'மலைநாட்டுக் கைவேலை' என்று மட்டும் இருந்தது.

"என் பேரு?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அரைப்பேர்கூட போடலையே" என்றார்.

அரைப்பேர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வந்தவர்கள் யார் என்று இங்கே சொல்லப் போவதுமில்லை. அவர்கள் கேட்டிருக்க வேணும். பேரைப் போடுங்கள் என்று நாங்களும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

பிற்காலத்தில் மேரி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றி வாசித்தேன். இந்தியானா மாநிலத்தில் மாரியன் என்ற ஊர். 1859இல் பிறந்தவர். முதல் குயில்ட்டைத் தைத்தபோது வயது ஐம்பது இருக்கும். ஐம்பதில்! நமக்கு இனி என்ன என்று சொல்லும் அக்காமார் இதைக் கவனிக்க வேணும். தோட்டத்துப் பூக்களைப் பார்த்து, இளம் நிறத் துணியில் இதழ் இதழாக வெட்டி, வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைத்தார். சிநேகிதிகள் தூண்டவே, லேடீஸ் ஹோம் ஜேர்னல் என்ற பெரிய பெண்கள் சஞ்சிகைக்கு அனுப்பினார். 1911 ஜனவரியில் அவருடைய நாலு குயில்ட்கள் வர்ணத்தில் அச்சாகின. அவர் பேரோடு.

அதன் பிறகுதான் வேடிக்கை. எப்படி வெட்டுவது, என்ன அளவு என்று கேட்டுப் பெண்கள் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். வீட்டிலிருந்தே மாதிரிகளைத் தபாலில் விற்றார், ஒன்று 50 சதம். எந்தத் துண்டை எங்கே வைப்பது என்று காட்ட, மெல்லிய வர்ணத் தாளிலேயே வெட்டி ஒட்டி அனுப்பினார். வீட்டுக்காரர்களும் கைகொடுத்தார்கள். 1915இல் குயில்ட் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் குடியிருந்த வீடு இன்று குயில்ட்காரர்களை நினைவுகூரும் காட்சியகமாக இருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் ஏழை இல்லை, வங்கிக்காரரின் மனைவி. காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓட வேண்டிய அவசரம் அவருக்கு இருக்கவில்லை. ஆனால் அதே நாட்டில் 1928 முதல் 1961 வரை கன்சாஸ் சிட்டி ஸ்டார் என்ற பத்திரிகை குயில்ட் மாதிரிகளை வெளியிட்டு வந்தது. அதற்கு எழுதிப்போட்டவர்களில் பண்ணை வீட்டுப் பெண்கள் நிறையப் பேர். தீவன மூட்டைத் துணியில் போர்வை தைத்த காலம் அது, என் அம்மாவின் மாப்பை மாதிரியே. பல மாதிரிகளோடு அனுப்பியவரின் பேரும் ஊரும் வரும்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்களே யோசித்து உருவாக்கிய வேலைக்கு உருவாக்கியபோதே உரிமை வந்துவிடும். பதிவு தேவையில்லை. என் பேரைப் போடுங்கள் என்று கேட்பதும் அந்த உரிமையில் அடங்கும். ஆனால் பாட்டி காலத்திலிருந்து எல்லோரும் போடும் கோலத்தை அப்படியே தைத்துவிட்டு என்னுடையது என்று சொல்ல முடியாது, சரியா?

சஞ்சிகைக்கு அனுப்புவதென்றால் இப்படிச் செய்யுங்கள். பிள்ளையின் கணக்குக் கொப்பியில் சதுரக் கோட்டுத் தாள் இருக்கும். ஒரு சதுரம் ஓர் அங்குலம் என்று வைத்து முழுப் போர்வையையும் வரையுங்கள். துண்டுகளைத் தனியே சரியான அளவில் வெட்டி, தையலுக்குக் கால் அங்குலம் விட்டிருக்கா இல்லையா என்று எழுதுங்கள். இதை எழுதாமல் விட்டால் வாசித்துத் தைப்பவரின் போர்வை சுருங்கிப்போய் உங்களைத் திட்டுவார். பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். போர்வையை அனுப்ப வேண்டாம், படமும் வரைபடமும் போதும். கடிதத்தில் பேர், தோட்டம், தைத்த வருஷம் எழுதி, படத்தின் கீழ் பேர் வர வேணும் என்று ஒரு வரி சேருங்கள். எழுதக் கஷ்டமென்றால் பிள்ளைகளைக் கேளுங்கள், நானும் இருக்கிறேன். பிரதி ஒன்று வீட்டில் இருக்க வேணும்.

மேசைமேல் சதுரத் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறேன். தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க. கோலத்தைப் பிறகு பார்க்கலாம், முதல்ல தாளின் அடியில் அவங்கவங்க பேரை எழுதுவோம்.