கைப்பேசி யாருடையது?

(சேரப்பணஞ்சேரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

வண்டலூரினின்று வாலாசாபாத்து செல்லும் பெருவழியில் உள்ளது இச் சேரப்பணஞ்சேரி. அண்மையில் ஒரகடம், அதற்கப்பால் திருப்பெரும்பூதூர். ஒரு தலைமுறைக்கு முன் ஏரியும் நெல்வயலுமாக இருந்த இவ் வட்டாரம் இன்று ஆலைக் காடாகி நிற்கின்றது. 2006-இல் திருப்பெரும்பூதூரில் நோக்கியா ஆலை கைப்பேசி செய்யத் தொடங்கியது. 2014 நவம்பர் 1-ஆம் நாள் அது நின்றது. ஆலை நின்றதேயன்றித் தொழில் நிற்கவில்லை. இன்று இதே வட்டாரத்துப் பாக்சுகான் ஆலையில் ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகள் உருவாகிக் கடல் கடந்து செல்கின்றன. அவற்றைக் கோக்கும் கைகளுள் பெரும்பாலானவை பெண்களின் கைகள். ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கி, முறைப்பணி பார்க்கும் இளம்பெண்களின் கைகள்!

இக் கைகள் செய்யும் கருவி யாருடையது? உழைத்த காசைக் கொடுத்து வாங்கியவருடையதா? இணைப்புத் தரும் நிறுவனத்தினுடையதா? தில்லியிலிருந்து ஆணையிடும் அரசினுடையதா? இவ் வினா வெறும் சொல்லாட்டம் அன்று. 2025-ஆம் ஆண்டின் இறுதியில் இவ் வினா ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் வந்து நின்றது.

2025 நவம்பர் 28-ஆம் நாள் இந்திய ஒன்றியத்தின் தொலைத்தொடர்புத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. இந்தியாவிற் செய்யப்படும் கைப்பேசி ஒவ்வொன்றிலும், வெளியிலிருந்து இறக்கப்படும் ஒவ்வொன்றிலும், ‘சஞ்சார் சாத்தி’ என்னும் அரசுச் செயலியை முன்னரே பதித்துத் தரவேண்டும். 90 நாள்களுக்குள் செய்யவேண்டும். கருவியை முதன்முதல் இயக்கும்போதே அது கண்ணிற் படவேண்டும். அதன் செயற்பாடுகளை முடக்கவோ குறைக்கவோ கூடாது. முன்பே செய்து கடைக்குச் சென்றுவிட்ட கைப்பேசிகளிலும் மென்பொருட் புதுப்பிப்பின் வழியே புகுத்த முயலவேண்டும் என்பது அவ் வாணை. திருப்பெரும்பூதூரிற் பெண் ஒருத்தி கோத்துத் தரும் கருவிக்குள் தில்லி தன் ஆளைக் குடியேற்ற முனைந்தது. அதன் பெயரும் தமிழன்று. தமிழிற் ‘சாத்தி’ என்றால் கதவை அடைத்து என்று பொருள். கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் செயலிக்கு அப் பெயர் வாய்த்தது நகைப்பிற்குரியதே!

செயலியின் நன்மைகளை மறைக்க வேண்டுவதில்லை. களவு போன கைப்பேசியை முடக்கலாம். ஒருவர் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று அறியலாம். கருவியின் 15 இலக்க அடையாள எண் மெய்யானதா என்று ஆராயலாம். ஏமாற்று அழைப்புகளைப் பற்றி முறையிடலாம். இவை யெல்லாம் பயனுள்ளவை. 2025 சனவரியில் இச் செயலி வெளியானபோது, வேண்டியவர் தாமே இறக்கிக்கொண்டனர், எவரும் எதிர்க்கவில்லை. விரும்பி அழைக்கும் காவலர் வேறு. வீட்டுக்குள் கட்டில் போட்டுப் படுக்கும் காவலர் வேறு. ஆண்டிராய்டு வகைக் கைப்பேசிகளில் அழைப்புப் பதிவையும் குறுஞ்செய்தியையும் படக்கருவியையும் அணுக இச் செயலி இசைவு கேட்கின்றது. இன்று திருடனைப் பிடிக்கக் கேட்ட இசைவு நாளை எதற்குப் பயன்படும் என்பதை யார் உறுதி கூறுவார்?

எதிர்ப்பு எழுந்தது. எதிர்க்கட்சிகள் எழுந்தன, உரிமை அமைப்புகள் எழுந்தன, ஆப்பிள் நிறுவனம் ஆணைக்கு இணங்காது என்று செய்தி வந்தது. திசம்பர் 2-இல் துறை அமைச்சர் சோதிராதித்திய சிந்தியா, ‘வேண்டாதவர் நீக்கிக் கொள்ளலாம்’ என்னும் பொருள்படப் பேசினார். திசம்பர் 3-இல் கட்டாயம் அடியோடு திரும்பப் பெறப்பட்டது. ஆணை வந்து ஐந்தே நாள்! மக்கள் வாய் திறந்தால் அரசின் எழுதுகோலும் பின்வாங்கும் என்பதற்கு இது சான்று.

ஆயினும் பொதுமக்களிடம் மூன்று பேச்சுகள் உலவுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதற் பேச்சு: “மறைக்க என்ன இருக்கிறது? பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்” என்பது. அஞ்சலட்டை இருந்த காலத்தை மூத்தோர் நினைந்து பார்க்கட்டும். ‘நலம், நலமறிய அவா’ என்பதை அட்டையில் எழுதினர், யாரும் படிக்கலாம். மகளின் மணப்பேச்சையும், கடன் நிலைமையையும், உடன்பிறந்தார் பிணக்கையும் அட்டையில் எழுதினரா? உறைக்குள் இட்டு ஒட்டியன்றோ விடுத்தனர்! அவருள் எவரும் குற்றவாளியல்லர். ஒட்டிய உறை குற்றத்தின் அடையாளம் அன்று, மானத்தின் அடையாளம். இன்று ஆலைப் பெண்ணின் சம்பளமும், தாயோடு பேசும் பேச்சும், மருத்துவரின் சீட்டும், சங்கத் தோழியரோடு கலந்துபேசும் செய்தியும் அதே கருவிக்குள்தான் இருக்கின்றன. ஒட்டிய உறையினும் மேலான காவல் அதற்கு வேண்டாவா?

இரண்டாம் பேச்சு: “விலை குறைந்தாற் போதும், மற்றவை பெரியோர் பாடு” என்பது. 2016 செப்தம்பரிற் சியோ வந்தபோது பேச்சும் தரவும் ஏறத்தாழ இலவயமாயின. மக்கள் மகிழ்ந்தனர். பல நிறுவனங்கள் மறைந்தன. பெரும்பங்கு இரண்டு நிறுவனங்களின் கைக்குள் சென்றது. 2024 சூலையில் அனைத்துத் தனியார் நிறுவனங்களும் ஒருசேரக் கட்டணத்தை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து வரை உயர்த்தின. பேசுவதற்கு மட்டுமே கைப்பேசி வைத்திருக்கும் முதியவரும் வேண்டாத தரவுக்குச் சேர்த்துக் காசு கொடுத்தனர். 2024 திசம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான கட்டணத் திட்டம் தந்தே ஆகவேண்டும் என்று விதித்தது. பணமேற்றும் கடையில் அதைக் கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்? கேளாதவர்க்குச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்!

மூன்றாம் பேச்சு: “அரசு என்றால் ஒற்று இருக்கத்தான் செய்யும்” என்பது. உண்மை. திருவள்ளுவரே ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் அதை எங்கே வைத்தார்? கண்ணோட்டத்தை 58-ஆம் அதிகாரமாக வைத்த பின்னரே ஒற்றாடலை 59-ஆம் அதிகாரமாக வைத்தார். ஒற்றையும் அறநூலையும் அரசின் இரு கண்களாகச் சேர்த்தே கூறினார். யாரை ஆராய்வது என்னும் இடத்து, அரசின் வினை செய்வாரையே முதலில் நிறுத்தினார். ஓர் ஒற்றன் தந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவும் சொன்னார். நூலென்னும் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒற்றென்னும் கண்ணால் மட்டும் பார்க்கும் அரசு ஒற்றைக்கண் அரசு!

இன்றைய நூல் எது? சட்டம். ஆங்கிலேயன் 1885-இல் இயற்றிய தந்திச் சட்டமே, பொது நெருக்கடியோ பொதுமக்கள் காப்போ இருந்தாலன்றி ஒட்டுக்கேட்கக் கூடாது என்றது. 1996 திசம்பரில் உச்சநீதிமன்றம் எனப்படும் உச்ச நயன்மன்றம் அதற்கு வரம்புகள் கட்டியது: உள்துறைச் செயலாளரே ஆணையிடவேண்டும், ஆய்வுக் குழு பார்க்கவேண்டும். 2017 ஆகத்து 24-இல் ஒன்பது நடுவர் ஒருமித்துத் தனியுரிமை அடிப்படை உரிமையே என்றனர். 2018 செப்தம்பர் 26-இல், கைப்பேசி எண்ணை ஆதாரோடு கட்டாயமாகப் பிணைப்பது செல்லாது என்று அதே மன்றம் கூறியது. 2025 சூலை 2-இல் சென்னை உயர் நயன்மன்றத்தில் நடுவர் ஆனந்து வெங்கடேசு, 2011-இல் ஒன்றிய உள்துறை பிறப்பித்த ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையை நீக்கினார். குற்றத்தைத் துப்பறிய என்னும் ஒரு காரணம் போதாது. பொது நெருக்கடியும் பொதுமக்கள் காப்பும் இல்லாதவிடத்து மறைவாக ஒட்டுக்கேட்டல் தனியுரிமையை மீறுவதாகும் என்பது அத் தீர்ப்பின் சாரம். கேட்டறிந்த செய்திகளை ஆய்வுக் குழுவின் முன் வைக்கவில்லை என்னும் குறையையும் அத் தீர்ப்பு காட்டியது.

ஆயின் அவ் வாய்வுக் குழுவில் யார் அமர்கின்றனர்? 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் 2024 திசம்பரில் வந்த விதிகளும் செயலாளர்களையே அமர்த்துகின்றன. ஆணையிடுவோரும் அரசின் அலுவலர். அதை ஆய்வோரும் அரசின் அலுவலர். வெளியிலிருந்து நடுவர் ஒருவரும் இல்லை. வள்ளுவர் சொன்ன மற்றோர் ஒற்றன் எங்கே? 2023-இன் தன்தரவுக் காப்புச் சட்டமோ, வேண்டிய அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் ஆற்றலை ஒன்றிய அரசின் கையிலேயே வைத்துள்ளது. தில்லியை மட்டும் குறை கூறி அமைதலும் நேர்மையாகாது. ஒட்டுக்கேட்க ஆணையிடும் ஆற்றல் மாநில உள்துறைச் செயலாளருக்கும் உண்டு. சென்னையில் யார் ஆண்டாலும் இக் கேள்வி அவரையும் நோக்கியதே.

இன்னும் ஓர் உண்மை தமிழர் நெஞ்சிற் பதியவேண்டும். அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 31-ஆம் இனமாக அஞ்சலும் தொலைப்பேசியும் கம்பியில்லா முறையும் ஒலிபரப்பும் வைக்கப்பட்டுள்ளன. நிலம் தமிழர் நிலம். நீர் தமிழர் நீர். உழைப்புத் தமிழர் உழைப்பு. அங்குச் செய்த கருவியைப் பற்றி ஒரு வரிச் சட்டம் இயற்றவும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திற்கு உரிமையில்லை! ஆலைக்கு நிலம் எடுக்க மாநிலம் வேண்டும். மின்சாரம் தர மாநிலம் வேண்டும். கருவிக்குள் என்ன இருக்கவேண்டும் என்பதற்கு மட்டும் மாநிலம் வேண்டா! இந்த ஏற்றத்தாழ்வு நீங்காதவரை, இன்று பின்வாங்கிய ஆணை நாளை வேறு பெயரில் திரும்பி வரும்.

ஆகவே செய்யத்தக்கன சில. செயலி எதையேனும் பதிக்குமுன் அது கேட்கும் இசைவுகளைப் படியுங்கள். விளக்கு எரிக்கும் செயலிக்குத் தொடர்பு எண்கள் எதற்கு என்று கேளுங்கள். உறுதிமொழிகளையும் கட்டண விளக்கங்களையும் தமிழில் தருக என்று நிறுவனங்களை வற்புறுத்துங்கள். புரியாத மொழியிற் பெற்ற இசைவு இசைவாகாது. குறை நேர்ந்தால் நிறுவனத்தின் முறையீட்டு மையத்திலும், பின் மேல்முறையீட்டிலும் பதியுங்கள். நுகர்வோர் மன்றத்தையும் நாடலாம் என்று 2022 பிப்பிரவரியில் உச்ச நயன்மன்றமே தெளிவாக்கிவிட்டது. ஒட்டுக்கேட்பை ஆயும் குழுவில் நடுவர் அமர வேண்டும் என்றும், தொலைத்தொடர்பில் மாநிலத்திற்குப் பங்கு வேண்டும் என்றும் உங்கள் பாராளுமன்ற, சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள்.

கருவியைக் கோத்த கைக்கு அதன் கதவைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை வேண்டும். ஐந்து நாளில் ஓர் ஆணை வீழ்ந்தது, மக்கள் பேசியதால். அப் பேச்சு அடங்காதிருக்கட்டும்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!