நாவின் அடியில் ஒரு மருந்து

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழா மேடையில் போதை நோய்க்கான மருந்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணலாம். பிழைப்பை நாடி வடக்கே வந்து குடியேறியவர்கள் நாம். நம் பிள்ளைகள் இந்நகரத்துப் பிள்ளைகளோடு சேர்ந்தே படிக்கிறார்கள்; சேர்ந்தே விளையாடுகிறார்கள். இந்நகரின் நன்மைகளெல்லாம் நம் இல்லங்களுக்குள் வரும்போது, அதன் தீமை மட்டும் காலனியின் மதிலுக்கு வெளியே நின்றுவிடுமா? நில்லாது. ஆதலின் இதனைப் பேச வேண்டியவர்களும் நாமே. கேட்க வேண்டியவர்களும் நாமே.

நடுவணரசின் சமூக நீதி அமைச்சகம் 2019-ஆம் ஆண்டில் நாடு தழுவிய ஆய்வொன்றை வெளியிட்டது. புது தில்லியின் எய்ம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த போதைச் சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு அது. அபின் இனப் பொருள்களை ஓராண்டுக்குள் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சம் பேர் என்றும், அவர்களுள் மருத்துவ உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 77 லட்சம் பேர் என்றும் அது கணக்கிட்டது. தில்லித் தெருக்களில் ‘ஸ்மாக்’ என்றும், பஞ்சாபில் ‘சிட்டா’ என்றும் வழங்கும் ஹெராயின் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வலி தீர்க்கும் மாத்திரைகள் சிலவும், இருமல் மருந்துகள் சிலவும் இதே இனந்தான்.

இப்பழக்கம் வேரூன்றியபின், மனவுறுதி ஒன்றினால் மட்டும் அதனை அகற்றுவது மிக அரிது. மூளை அப்பொருளின்றி இயங்க மாட்டாத நிலையை அடைகிறது. அது கிடைக்காத சில மணி நேரத்தில் கண்ணும் மூக்கும் நீர் சொரிகின்றன, கொட்டாவி ஓயாது, மயிர் சிலிர்க்கிறது, வயிறு போகிறது, உடம்பெல்லாம் முறிவது போல் வலிக்கிறது, உறக்கம் அறவே இல்லை. இத்துன்பம் ஒன்றிரண்டு வாரங்களில் தணிந்துவிடலாம். ஆனால் உள்ளத்தின் வேட்கை மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் உறங்காதிருக்கிறது. மருந்து வேண்டப்படுவது இதன் பொருட்டே.

இன்று வழங்கப்படும் மருந்துகள் முக்கியமாக மூன்று. மருந்தின் பெயரைவிட, அதனை வழங்கும் முறையே நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

முதலாவது பியூப்ரினார்பின். நம் நாட்டில் இதுவே மிகுதியாக வழங்கப்படுகிறது. இது விழுங்கும் மாத்திரை அன்று. விழுங்கினால் கல்லீரல் இதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், பயன் குன்றும். ஆதலின் நாவின் அடியில் வைத்துக் கரையவிடுகிறார்கள். அங்குள்ள மெல்லிய தோலின் வழியே அது நேராகக் குருதியில் கலக்கிறது. அரசு மையங்களில் செவிலியர் மாத்திரையைப் பொடித்து நோயாளியின் நாவடியில் இட்டு, அது முற்றும் கரையும் வரை உடனிருந்து பார்க்கிறார். சில நிமிடங்கள் பேசலாகாது, உமிழ்நீரை விழுங்கலாகாது. கரைந்தபின் வாயை நீரால் கொப்புளித்து, ஒரு மணி நேரம் சென்றபின் பல் துலக்குவது பற்களுக்கு நல்லது.

இம்மருந்தைத் தொடங்குவதற்குக் காலம் அறிதல் இன்றியமையாதது. உடம்பில் ஹெராயின் நிறைந்திருக்கும்போது இதனைக் கொடுத்தால், அதனை மூளையினின்று தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். உடனே கடுமையான துன்பம் பிறக்கும். ஆகவே கடைசியாகப் பயன்படுத்தி 8 முதல் 12 மணி நேரமேனும் கழிந்து, மேலே சொன்ன அறிகுறிகள் தெளிவாகத் தோன்றிய பின்னரே முதல் மாத்திரை. முதல் வேளைக்கு 2 அல்லது 4 மில்லிகிராம். பின்னர் நிலையைப் பார்த்துக் கூட்டுகிறார்கள். பலருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 16 மில்லிகிராம் போதுமானதாகிறது. ‘பிள்ளை தவிக்கிறானே’ என்று பெற்றோர் தாமாகவே மருந்தை வாங்கிக் கொடுத்தல் கூடாது என்பதற்கு இஃதொன்றே போதிய காரணம்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரையில் பெரும்பாலும் நலாக்சோன் என்னும் பொருள் நான்கில் ஒரு பங்கு சேர்ந்திருக்கும். நாவடியில் வைத்தால் அது ஏறக்குறைய செயலற்றுக் கிடக்கும். யாரேனும் மாத்திரையைக் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொண்டால், அது விழித்தெழுந்து துன்பம் தரும். இது மருந்துக்கு மருந்தே காவலாக அமைந்த ஏற்பாடு.

இரண்டாவது மெதடோன். 1960-களின் நடுவில் நியூயார்க் நகரில் டோல், நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர் இருவர் இதனைச் சிகிச்சையாக நிறுவினர். இந்தியாவில் இது 2012-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இது குடிக்கும் பாகு. நாள்தோறும் ஒருமுறை, வழங்குவோர் முன்னிலையிலேயே பருக வேண்டும். முதல் நாள் 20 முதல் 30 மில்லிகிராம் அளவில் தொடங்கி, மிக மெதுவாகவே ஏற்றுகிறார்கள். ஏனெனில் இது உடம்பில் நெடுநேரம் தங்கி நாளுக்கு நாள் சேரும் தன்மையது. அவசரப்பட்டு ஏற்றினால் மூச்சு அடங்கிவிடும்.

மூன்றாவது நால்ட்ரெக்சோன். முன்னிரண்டும் மூளையின் பசியை ஆற்றுவன. இதுவோ கதவை அடைத்துவிடுவது. இதனை உட்கொண்டவர் ஹெராயினைப் பயன்படுத்தினும் போதை தோன்றாது. ஆயினும் அபின் இனம் எதுவும் உடம்பில் இல்லாமல் 7 முதல் 10 நாள் கழிந்த பின்னரே இதனைத் தொடங்கலாம். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் மாத்திரை. குடும்பத்தார் ஒருவர் அருகிலிருந்து கொடுத்து வந்தால் இது நன்கு பயன்படும். தனியே விட்டால் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

‘ஒரு போதையை விட்டு மற்றொரு போதையைப் பற்றுவதுதானே இது?’ என்று கேட்போர் உண்டு. நியாயமான வினாவே. விடை, வழங்கும் முறையில் அடங்கியிருக்கிறது. ஹெராயின் நொடியில் ஏறி, சில மணியில் இறங்கி, மீண்டும் தேடி ஓட வைக்கிறது. இம்மருந்தோ அளவறிந்து கொடுக்கப்படுவது. மெல்ல ஏறி, ஒரு நாளோ அதற்கு மேலோ நிலைத்து நிற்பது. அதனால் மயக்கமும் இல்லை, தவிப்பும் இல்லை. திருடாமலும் பொய் சொல்லாமலும் ஒருவன் காலையில் மருந்தை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறான். ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் வரும் எச்.ஐ.வி., மஞ்சட்காமாலை முதலியவற்றினின்றும் தப்புகிறான். உலக சுகாதார நிறுவனம் பியூப்ரினார்பின், மெதடோன் இரண்டையும் 2005-ஆம் ஆண்டில் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது இதனாலேயாகும்.

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல விழைவது ஒன்று. நம் குடும்பங்களில் மருந்து தொடங்கிச் சில வாரங்களில், ‘பையன் தேறிவிட்டான்; இனி மருந்து எதற்கு?’ என்று நிறுத்திவிடுகிறோம். அல்லது மானத்திற்கு அஞ்சி, ஊரிலிருக்கும் பாட்டி வீட்டிற்கு அனுப்பி அறையில் அடைத்து வைக்கிறோம். இதிலுள்ள பேராபத்தை உணர வேண்டும். பழக்கம் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. வேட்கையோ போகவில்லை. அவன் திரும்பி வந்து முன்பு எடுத்த அளவையே எடுப்பான். அன்றிரவே மூச்சு நின்றுவிடக் கூடும். சிகிச்சையை நிறுத்திய முதல் நான்கு வாரங்கள் உயிருக்கு மிகக் கொடியவை. மாறாக, சிகிச்சையில் தொடர்ந்து இருப்போரிடையே மரணம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரிழிவுக்கு மருந்துண்ணும் தந்தையாரிடம், ‘எப்பொழுது நிறுத்துவீர்கள்?’ என்று நாம் நச்சரிப்பதில்லை. அப்பொறுமையை மகனுக்கும் அளிப்போம். நிறுத்தும் காலம் வந்தால், மருத்துவர் சொற்படி, மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

இல்லத்தார் செய்ய வேண்டியவை வேறு சிலவும் உண்டு. வீட்டிற்குத் தந்த மருந்தைப் பூட்டி வையுங்கள். ஒரு குழந்தையின் உயிரைப் போக்க ஒரு மாத்திரையே போதும். மருந்துண்பவர் மதுவும் தூக்க மாத்திரையும் தொடலாகாது. சில நாள் மருந்து தவறினால், பழைய அளவை அப்படியே தராமல் மையத்தில் கேளுங்கள். எழுப்ப எழாமல், மூச்சுக் குறைந்து, உதடு நீலித்தால் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நலாக்சோன் ஊசி அங்கே உயிரை மீட்கும்.

சட்டத்திற்கு அஞ்சி ஒளிவோருக்கும் ஒரு சொல். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்திற்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திற்கோ ஆளான நோயாளி தாமே முன்வந்து அரசு ஏற்ற நிலையத்தில் சிகிச்சையை மேற்கொண்டால், வழக்கினின்று விலக்கு அளிக்கிறது. வழி தெரியாதவர்கள் 14446 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

அன்பர்களே! காலனியில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு செல்பவர்கள் நாம். இந்நோய் வந்த வீட்டின் வாயிலையும் அவ்வாறே மிதிப்போம். மருந்து மையத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைக்குத் துணையாக ஒருவர் உடன் செல்வோம். புறம் பேசும் நாவை அடக்குவோம். மருந்து தன் பணியைச் செய்யும். நம் பணியை நாம் செய்வோம்.