நாம் ஆயத்தமா?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஆற்றப்பட்ட உரை)

இவ்வழிபாட்டில் தேவ செய்தியைப் பகிரும்படி மூத்த மாணவிகளாகிய எங்களைச் சங்கம் கேட்டுக்கொண்டது. அதற்காகக் கர்த்தருக்கு நன்றி செலுத்துகிறோம்.

நூறு ஆண்டு நிலைத்திருப்பது ஒரு சங்கத்துக்குப் பெருமை. மனித ஆயுளுக்கோ அது எல்லை. நம் சங்கத்தின் முதற் கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவரும் இன்று நம்மிடையே இல்லை. அடுத்த நூற்றாண்டு விழாவில் நம்மில் ஒருவரும் இருக்கப்போவதில்லை. விருந்து நாளில் இப்படிப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆண்டவராகிய இயேசு ஆயத்தத்தைப் பற்றிப் பேசியபோது அவர் எடுத்துக்கொண்ட கதையும் ஒரு கலியாண வீட்டுக் கதைதான். ஆகவே இன்று அதையே தியானிப்போம்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் பத்துக் கன்னிகைகள் வருகிறார்கள். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. பத்துப் பேரும் ஒரே மணவாளனுக்காகக் காத்திருந்தார்கள். நேரமானபோது பத்துப் பேருமே உறங்கிப்போனார்கள். வெளிப்பார்வைக்கு அவர்களிடையே எந்த வித்தியாசமும் இல்லை. ஐந்து பேரின் பாத்திரத்தில் எண்ணெய் இருந்தது, ஐந்து பேரிடம் இல்லை என்பது நடுச்சாமத்திலேயே தெரியவந்தது.

நாமும் ஒரே சீருடை அணிந்து ஒரே வரிசையில் நின்று காலைப் பிரார்த்தனை சொன்னவர்கள். வேதபாடத்தில் பரிசு வாங்கியவர்கள் நம்மில் பலர். பாடகர் குழுவில் பாடினோம், ஞாயிறு பாடசாலையில் கற்பித்தோம், பெண்கள் ஐக்கியத்தில் பொறுப்பு வகித்தோம். இவையெல்லாம் விளக்குகள், நல்ல விளக்குகள். பாத்திரத்தில் எண்ணெய் இருக்கிறதா என்பதே இன்றைய கேள்வி.

புத்தியுள்ள ஐவர் ஏன் எண்ணெயைப் பகிர்ந்து கொடுக்கவில்லை என்று சிறுவயதில் நாம் ஆசிரியையிடம் கேட்டதுண்டு. அப்போது அவர்களைக் கஞ்சத்தனமுள்ளவர்கள் என்றே எண்ணினோம். வயது போகப்போக விளங்குகிறது. கலியாணத்துக்கு உடுக்கச் சேலையை இரவல் கொடுக்கலாம், நகையையும் கொடுக்கலாம். தாயின் விசுவாசத்தை மகள் இரவல் வாங்க முடியாது. அம்மம்மா விடியற்காலையில் முழந்தாளிட்டு ஜெபித்தார் என்பது நமக்குக் கிடைத்த பெரிய ஆசீர்வாதம். ஆனால் நமக்காக நாமேதான் கர்த்தரிடம் வரவேண்டும்.

ஆயத்தத்தைப் பற்றி நம் கரைக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. கிடுகுக் கூரை வீடுகளில் பிறந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மாரி தொடங்குமுன் பழைய கிடுகை இறக்கிப் புதுக்கிடுகு வேய்ந்து முடிப்பார்கள். மழை விழத் தொடங்கிய பிறகு கூரை ஏறுகிறவர் இல்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி வந்ததை நம்மில் மூத்தவர்கள் மறக்கவில்லை. அன்று காற்று ஏறுவதைக் காதால் கேட்கக்கூடியதாக இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அந்த எச்சரிக்கையும் இருக்கவில்லை. நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். வெளிச்சமான காலை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கடல் நம் ஊர்களுக்குள் வந்துவிட்டது. இலங்கையில் ஆக அதிகமான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே நம்மோடு படித்த ஒருத்தியின் வீடு இருந்தது.

மாண்டவர்கள் நம்மைவிடப் பாவிகள் என்று எவராவது சொன்னால் அதை நாம் ஏற்கமாட்டோம். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி இயேசு பேசியது லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இறந்தவர்கள் அதிகக் குற்றவாளிகள் என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். கேட்டு நின்றவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்ற பொருளில் பேசினார். மரித்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு அனுமதி இல்லை. மீந்திருக்கிற நம்மை நாமே சோதித்துப் பார்க்க அழைப்பு இருக்கிறது.

இங்கே ஜோன் வெஸ்லியின் வாழ்க்கையில் நடந்த ஒன்றை நினைவுகூருவது பொருத்தம். கல்முனையில் மெதடிஸ்த சபையின் கல்விப் பணியால் பயனடையாத குடும்பம் குறைவு. அந்தச் சபையின் ஊற்றாக இருந்தவர், ஒரு காலத்தில் மரணத்துக்கு அஞ்சி நடுங்கியவர். 1736 ஜனவரியில், 32 வயதில், குருவாக அபிஷேகம் பெற்று ஊழியத்துக்காக அமெரிக்காவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். கடும் புயலில் பெரிய பாய் கிழிந்து, தண்ணீர் கப்பல் தட்டுகளுக்குள் புகுந்தது. பலர் அலறினார்கள். அதே கப்பலில் இருந்த ஜெர்மானிய மொறாவிய விசுவாசிகளோ தங்கள் சங்கீதத்தை நிறுத்தாமல் பாடி முடித்தார்கள். பயமாக இருக்கவில்லையா என்று வெஸ்லி பின்னர் ஒருவரிடம் கேட்டார். இல்லை என்றார் அவர். உங்கள் பெண்களும் பிள்ளைகளுமா பயப்படவில்லை என்று மறுபடி கேட்டார். எங்கள் பெண்களும் பிள்ளைகளும் சாவதற்குப் பயப்படுவதில்லை என்ற கருத்தில் பதில் வந்தது.

கரை சேர்ந்தபின் மொறாவியப் போதகர் ஸ்பாங்கென்பேர்க், இயேசு கிறிஸ்துவை உங்களுக்குத் தெரியுமா என்று வெஸ்லியிடம் கேட்டார். அவர் உலக இரட்சகர் என்று தெரியும் என்றார் வெஸ்லி. உங்களை இரட்சித்திருக்கிறார் என்பது தெரியுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு வெஸ்லியால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. படிப்பும், ஒழுங்கான வாழ்வும், தருமமும், உபவாசமும் எல்லாம் இருந்தன, நிச்சயம் இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1738 மே 24ஆம் திகதி மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேற் வீதியில் ஒரு சிறு கூட்டத்தில் அவர் அமர்ந்திருந்தபோது, கிறிஸ்து தன் பாவங்களை, தன்னுடைய பாவங்களையே, நீக்கினார் என்ற நம்பிக்கை அவருக்குள் பிறந்தது.

சுவிசேஷம் இதுதான். நாம் செய்த நன்மைகளைக் கூட்டிக் கழித்து மீதியைக் காட்டிப் பரலோக வாசலில் நுழைய முடியாது. கடவுளுக்கும் நமக்கும் இடையில் பாவம் நிற்கிறது. அதை நம்மால் அகற்ற முடியாததால் கர்த்தரே வந்தார். சிலுவையில் மரித்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். மனந்திரும்பி அவரைப் பற்றிக்கொள்ளுகிற எவருக்கும் மன்னிப்பும் நித்திய ஜீவனும் இலவசமாகக் கிடைக்கின்றன. சிலுவையில் அருகில் தொங்கிய கள்ளனுக்கு நற்கிரியை செய்ய நேரமே இருக்கவில்லை. கேட்டான், பெற்றான். இத்தனை ஆண்டும் கோயிலுக்குப் போய்வந்தும் இன்னும் கேட்காதவர்கள் நம்மில் இருந்தால், இன்றே கேட்கலாம்.

கிருபையைப் பெற்றவர் கணக்கை மூடி வைத்துவிட முடியாது. நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் உள்ள வழக்கம். அதனால் வளவும் வயலும் பற்றிய வழக்கு பெரும்பாலும் அக்கா தங்கச்சிக்கிடையில்தான் வருகிறது. சீதனம் எழுதிய நாளில் முறிந்த பேச்சு, தாயின் மரணவீட்டிலும் சேராமல் கிடக்கிறது. ஒருத்தி கனடாவில், ஒருத்தி இங்கே; இருபது வருடமாகத் தொலைபேசி அழைப்பு இல்லை. இருவரும் தத்தம் சபையில் திருவிருந்து பெறுகிறார்கள். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் கற்பித்தது சகோதரிகளுக்கும் சேர்த்துத்தான். நித்தியத்துக்கு ஆயத்தமாவது சிலருக்கு இன்று இரவு ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும்.

அடுத்தது, நற்செய்தியைப் பகிர்வது. இதை நாம் மிகுந்த கவனத்தோடு பேசவேண்டும். ஒரு நாளில் பள்ளிவாசலின் பாங்கோசையும், கோவில் மணியும், தேவாலய மணியும் கேட்கிற ஊர் இது. நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களில் முஸ்லிம் பிள்ளைகளும் இந்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். இன்று இம்மண்டபத்திலும் இருக்கிறார்கள். மறுமை உண்டு, கணக்குக் கொடுக்கவேண்டும் என்பதை முஸ்லிம் தோழிகளுக்கு நாம் கற்பிக்கத் தேவையில்லை. ஐந்து வேளையும் அவர்கள் அதை நினைக்கிறார்கள். பல நாட்களில் நம்மைவிட அவர்களே ஆயத்தத்தைப் பற்றி அக்கறையாக இருப்பதைக் கண்டு நாம் வெட்கப்பட்டிருக்கிறோம்.

அப்படியானால் பேசாமல் இருந்துவிடலாமா? நம் கரைக்கு இந்தச் செய்தி எப்படி வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 66 வயதான தோமஸ் கோக் என்ற ஊழியர் இளம் ஊழியர் அறுவரோடு இலங்கையை நோக்கிப் புறப்பட்டார். 1814 மே 3ஆம் திகதி காலை, அவர் தம் கப்பல் அறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். உடலைக் கடலில் அடக்கம் செய்தார்கள். அந்த அறுவரில் ஒருவரான வில்லியம் ஓல்ட்டின் மனைவியும் அதே பயணத்தில் மரித்தார். ஓல்ட் திரும்பிப் போகவில்லை. அவ்வாண்டில் தனியாக மட்டக்களப்புக்கு வந்து, போதித்து, பிள்ளைகளுக்குக் கல்வி தொடங்கி, 1815 ஏப்ரல் 1ஆம் திகதி அங்கேயே மரித்தார். ஓர் ஆண்டுகூட முடியவில்லை. அந்த விதையிலிருந்து முளைத்த கல்விப் பணியே பின்னர் கிழக்குக் கரை நெடுகப் பரவியது. அவர்கள் வாய் திறவாமல் இருந்திருந்தால் நாம் இன்று எங்கே இருந்திருப்போம்?

ஆகவே பேசவேண்டும். எப்படிப் பேசுவது என்பதில் நமக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின், நிவாரணத்தோடு மதத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்ற மனக்கசப்பு நாட்டில் எழுந்தது. கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலமொன்று அதே 2004ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றத்துக்கு வந்திருந்தது. அரிசி மூட்டையோடு சுவிசேஷத்தைக் கட்டிக் கொடுத்தால் இரண்டுக்கும் அவமதிப்பு. பசித்தவருக்குச் சோறு, அவர் யாராயிருந்தாலும், எந்த நிபந்தனையுமின்றிக் கொடுக்கப்படவேண்டும். நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லும்படி பேதுரு தம் முதல் நிருபத்தில் எழுதினார். கேட்கத் தூண்டுகிற வாழ்வு நம்மிடம் இருக்கவேண்டும். கேட்டால் சொல்ல வார்த்தையும் இருக்கவேண்டும்.

2019 உயிர்த்த ஞாயிறு இதற்குச் சோதனையாக வந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். அந்த வாரமே நமக்கு அருகே சாய்ந்தமருதிலும் வெடியோசை கேட்டது. அந்நாட்களில் குற்றமற்ற முஸ்லிம் குடும்பங்களும் அச்சத்தில் கதவடைத்திருந்தன. தோழியை ஐயத்தோடு பார்க்காமல், நலமா என்று கேட்டவர்கள் அன்றைக்குச் சுவிசேஷத்தைப் பகிர்ந்தார்கள். பகையை வைத்துக்கொண்டு நித்தியத்துக்கு ஆயத்தமாக இருக்க முடியாது.

நம் வீட்டுப் பிள்ளைகளையும் மறந்துவிடக்கூடாது. வெஸ்லியின் தாய் சூசன்னா பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர், வளர்ந்தவர்கள் பாதியளவே. வறுமையும் கடனும் நிறைந்த அந்த வீட்டில் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியே பேச வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கியிருந்தார். ஜோனுக்கு வியாழக்கிழமை. அந்த வியாழக்கிழமைகளை அவர் பெரியவரான பின்னும் ஏக்கத்தோடு நினைத்தார். நம் பேரப்பிள்ளைகளுக்குக் கைபேசியில் பேசத் தமிழ் குறைவாக இருக்கலாம். ஆனாலும் ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மாலை கொடுக்க எந்த நாட்டிலும் முடியும்.

சகோதரிகளே, ஆண்டின் தொடக்கத்தில் நம் சபைகளில் உடன்படிக்கை ஆராதனை நடத்துவது வழக்கம். தை வரும்வரை காத்திராமல் இன்றே மூன்று கேள்விகளை நம்மிடம் கேட்போம். கிறிஸ்து என்னை மன்னித்தார் என்ற நிச்சயம் எனக்கு உண்டா? நான் ஒப்புரவாகவேண்டியவர் யார்? என் வாயிலிருந்தும் வாழ்விலிருந்தும் இந்த நற்செய்தியைக் கேட்காமல் எனக்கு நெருங்கியவர் எவராவது இருக்கிறாரா? வீட்டுக்குப் போய் அமைதியாக இருந்து பதில் எழுதுங்கள். அந்தத் தாளை வேறு எவருக்கும் காட்டவேண்டாம். கர்த்தரிடம் காட்டினால் போதும்.

ஜெபிப்போம். அன்புள்ள பிதாவே, நூறு ஆண்டுகள் எங்களை நடத்தினீர். எங்களுக்கு முன் சென்ற ஆசிரியர்களுக்காகவும் மாணவிகளுக்காகவும், கடல் கொண்டுபோன எங்கள் தோழிகளுக்காகவும் உமக்கு நன்றி சொல்லுகிறோம். அவர்களை உம்முடைய இரக்கத்தில் விட்டுவிடுகிறோம். எங்கள் பாவங்களை மன்னியும். எங்கள் பாத்திரங்களை நிரப்பும். பகையை எடுத்துப்போட்டு, பேசவேண்டிய வேளையில் அன்போடு பேச எங்களுக்குத் துணிவு தாரும். நீர் அழைக்கும் நாளில் எங்களை ஆயத்தமுள்ளவர்களாகக் காணும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.