தானே பயில்வோர்க்குச் செவியே ஆசான்



கலை எதுவாயினும் குருமுகமாகக் கற்பதே சிறப்பு என்பது நம் மரபு. எனினும், ஆசிரியர் அருகில் வாய்க்காதாரும், வாழ்வின் நடுப்பகுதியில் ஆர்வம் எழப்பெற்றாரும் தாமே வீணை பயில முற்படுகின்றனர். அவருள் பலர் சில திங்களிலேயே கருவியை உறையிட்டு மூலையில் வைத்துவிடுகின்றனர். இதற்குத் திறமைக் குறைவினும் வரிசை பிறழ்ந்த பயிற்சியே பெரிதும் காரணம் எனலாம்.

அவ்வரிசையைச் சிலப்பதிகாரம் தெளிவுறக் காட்டுகின்றது. கானல்வரியில் மாதவி யாழில் நிகழ்த்தும் கலைத்தொழில்கள் எட்டு. கருவியைப் பண்ணுக்கு அமைக்கும் பண்ணல் முதலாவது. நரம்பைத் தடவிச் சோதிக்கும் பரிவட்டணை, ஏற்ற இறக்கம் தெரியும் ஆராய்தல், சுருதி கூட்டும் தைவரல் ஆகியவை தொடர்கின்றன. ஐந்தாவது செலவு. விளையாட்டு ஆறாவதாகவே வருகின்றது. கையூழும் குறும்போக்கும் அதற்கும் பின்னவை. தானே பயில்வோரோ ஆறாவதில் தொடங்குகின்றனர். கேட்டு மகிழ்ந்த பாடலை முதல் வாரத்திலேயே வாசிக்க விழைகின்றனர்.

சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகனும் முதலில் கருவியின் குற்றங்களையே ஆராய்கின்றான். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பெற்றவை; மெழுகு இளகினால் மெட்டு பிசகும். பிசகிய மெட்டில் பயின்றால் செவியும் பிசகும். ஆதலின் வீணை செய்வோரிடம் காட்டி மெட்டைச் சீர்செய்து கொள்வது முதற்கடன். நான்கு வாசிப்புத் தந்திகளும், ஒன்றினொன்று தாழ்ந்து, சட்சமும் பஞ்சமமுமாக மாறி மாறி அமைவன. தம்புராவின் ஒலியோடு அவற்றை நாள்தோறும் தாமே கூட்டப் பழகுதல் வேண்டும். தொடக்கத்தில் பயிற்சி நேரத்திற் பாதி இதற்கே கழியினும் அஃது இழப்பன்று.

அடுத்தது, வாயாற் பாடிய பின்னரே விரலால் வாசித்தல். பாட இயலாத சுரத்தை விரல் தற்செயலாகத் தொடலாம். தவறினால் தவறென்று அறியாது. மாயாமாளவகௌளையில் அமைந்த சரளி வரிசையை முதற்காலத்தில் பிழையின்றி வாசித்தபின் இரண்டாங்காலம் செல்க. மெட்டைவிட்டு விரல் பின்தங்கினால் ஒலி தெளியாது; மிகையாக அழுத்தினால் சுருதி ஏறும். ஓரிடத்தில் தவறு நேர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது பலரின் வழக்கம். அதனால் தெரிந்த பகுதியே மேலும் தேறும். தவறிய இடம் அப்படியே நிற்கும். இடறிய இரு சுரங்களின் இணைப்பை மட்டும் தனியே எடுத்து, மெல்ல, பலகால் வாசித்தலே தக்க வழி.

நாள்தோறும் அரைமணிப் பயிற்சி, ஞாயிறுதோறும் மூன்று மணிப் பயிற்சியினும் பயன் தரும். தொடக்கத்தில் விரல்நுனி நோவது இயல்பு. நாளடைவில் தோல் தடித்து அந்நோவு தணியும். மணிக்கட்டு வலித்தாலோ உடனே நிறுத்துதல் வேண்டும்.

ஆசிரியரிடம் பயில்வோரின் பிழையைக் கேட்க இன்னொரு செவி உண்டு. தானே பயில்வோர்க்கு அஃது இல்லை. திருத்தப்படாத பிழை, பயிலப் பயிலக் கைப்பழக்கமாகி உறுதி பெறும். உழைப்பு மிகுந்தோரிடமே இவ்வாபத்தும் மிகுதி. ஆகவே, வாசித்ததைக் கைப்பேசியிற் பதிவுசெய்து, மறுநாள், பிறர் வாசிப்பைக் கேட்பது போலக் கேட்டல் நன்று. வாசிக்கும்போது விரலில் ஈடுபட்ட மனம் மறைத்த குறைகளை அப்பதிவு மறைக்காது. கமகத்தைச் சுரக்குறிப்பு முழுமையாகத் தராது; தேர்ந்தோர் வாசிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டே அதனைப் பெறல் வேண்டும். ஆண்டுக்கு இரண்டொரு முறையேனும் வல்லார் ஒருவர்முன் வாசித்துக் காட்டுவதும் இன்றியமையாதது.

வீணை எஸ். பாலச்சந்தர் (1927–1990) ஆசிரியரின்றித் தாமே வீணை பயின்று புகழ்பெற்றவர். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றவர். அவரைச் சான்று காட்டி, கேள்வியும் உழைப்புமின்றி வித்தை கைகூடும் என எண்ணுதல் பிழை. ஆசிரியர் இல்லாதபோது அவர்தம் கண்டிப்பையும் மாணவரே ஏற்க வேண்டியுள்ளது என்பதே பொருள்.

கவிஞருள்ளும் பெரும்பாலோர் தாமே பயின்றவர்கள். எழுதிய அடியை வாய்விட்டுப் படித்து, ஓசை இடறும் இடத்தைக் கண்டு திருத்துவோரே தேர்கின்றனர். ஒருவர் பாட்டை மற்றவர் செவிகொடுத்துக் கேட்டு, குறையை முகத்துக்கு நேரே சொல்லும் அவையாக இவ்வட்டம் பத்தாண்டு நிலைத்திருப்பதன் அருமை இதனால் விளங்கும். அச்செவி மேலும் கூர்மை பெறுக.