பார்க்கத் தெரிந்த ஆசிரியர்

(கலைக் கல்விக் கருத்தரங்கத் தலைமை உரை)

 

பாடத்திட்டம் பற்றியும் மதிப்பீடு பற்றியும் நிறையக் கட்டுரைகள் இந்தக் கருத்தரங்கில் படிக்கப்பட இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டிருப்பது அவற்றுக்கு இடையில் கிடக்கும் ஒரு சிறிய பொருள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில், என்ன செய்வது, எந்தப் பொருளில் செய்வது என்பதை மாணவரே தீர்மானிக்கும் ‘விருப்பத் தேர்வு’க் கலை வகுப்புகள் நடக்கின்றன. அப்படிப்பட்ட வகுப்புக்குக் கற்பித்தல் பயிற்சிக்காகப் போகும் இளம் ஆசிரியர் அங்கே எதைக் கற்றுக்கொள்கிறார்? அவர் கற்றதை நாம் எப்படி அளக்கிறோம்? அளக்கும் கோலே தவறானது என்பது என் உறுதியான கருத்து.

வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். 1870இல் மாசசூசெட்ஸ் மாநிலம், 10,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களெல்லாம் தொழில்சார் வரைதலை இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. ஆலைகளுக்கு வரையத் தெரிந்த கைகள் வேண்டியிருந்தன. கற்பிக்க ஆள்? இங்கிலாந்திலிருந்து வால்டர் ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியர் 1871இல் வந்தார். கலை ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே 1873இல் பாஸ்டனில் ஒரு பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. ஸ்மித் கொண்டுவந்தது லண்டன் தென் கென்சிங்டன் முறை. முதலில் நேர்கோடு, பிறகு வளைகோடு, பிறகு சமச்சீர் உருவம், அதன்பின் அச்சிட்ட மாதிரியைப் பார்த்து வரைதல். வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே கோட்டை வரைய வேண்டும். அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியின் மீதும் இதே முறையின் செல்வாக்கு பின்னாளில் படிந்தது. நம் ஓவிய ஆசிரியர்கள் எழுதித் தேறிய ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் தேர்வுகளின் பெயரைக் கேட்டாலே அந்த உறவு விளங்கும்.

பாஸ்டனின் அந்தப் பயிற்சிப் பள்ளிதான் இன்றைய மாசசூசெட்ஸ் கலை, வடிவமைப்புக் கல்லூரி. விருப்பத் தேர்வு முறையில் கற்பித்துவந்த ஆசிரியர்கள் 2001இல் ஓர் அமைப்பாகத் திரண்டதும் அதே கல்லூரியின் துணையோடுதான். அவர்களில் முன்னோடியான கேத்ரின் டக்ளஸ், டயான் ஜாக்வித்துடன் சேர்ந்து எழுதிய நூல் 2009இல் வெளிவந்தது. மாணவரைக் கலைஞராகவே கொள்ள வேண்டும், வகுப்பறை அவருடைய பணிக்கூடமாக இருக்க வேண்டும், கலைஞர்கள் செய்வது எதுவோ அதுவே பாடம். இதுதான் அவர்கள் கொள்கையின் சாரம். மாதிரியைப் பார்த்துக் கோடு போடும் ஆசிரியரை உருவாக்கப் பிறந்த நிறுவனம், ஏறக்குறைய 130 ஆண்டுகளில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கலைக் கல்வி வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியாது.

ஆனால் பயிற்சி ஆசிரியர்களை நாம் மதிப்பிடும் முறை இன்னும் ஸ்மித்தின் காலத்தை விட்டு நகரவில்லை. இதுதான் என் குறை.

விருப்பத் தேர்வு வகுப்பறை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வரைதலுக்கு ஒரு மேசை, வண்ணத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, களிமண்ணுக்கு ஒன்று, துணிக்கும் நூலுக்கும் ஒன்று. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எப்படி எடுக்க வேண்டும், எப்படிக் கழுவி வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு மேசையிலும் படத்தோடு எழுதி ஒட்டியிருப்பார்கள். மணி அடித்ததும் ஆசிரியர் ஐந்து, பத்து நிமிடம் ஏதாவது ஒரு நுட்பத்தைச் செய்து காட்டுவார். அதன்பின் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். இருபத்தைந்து பேர் இருந்தால் இருபத்தைந்து வேலை நடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆசிரியர் சும்மா நடமாடுவதுபோலத்தான் தோன்றும்.

அவர் கற்பிப்பது அந்த நடமாட்டத்தில்தான். பாஸ்டன் பகுதியின் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளில் கலை வகுப்புகளை உற்று நோக்கி, லோயிஸ் ஹெட்லண்ட், எலன் வின்னர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். நல்ல கலை வகுப்பில் வளரும் மனப் பழக்கங்கள் என்று எட்டை அதில் வகுத்துக் காட்டினார்கள். உற்று நோக்குதல், விடாமல் ஈடுபடுதல், மனத்தில் உருவாக்கிப் பார்த்தல், எல்லையைத் தாண்டிச் சோதித்தல் ஆகியவை அந்த எட்டில் அடங்கும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி மாணவர் வேலை செய்யும் நேரம். ஆசிரியர் ஒவ்வொருவரிடமாகப் போய் நின்று பேசிய பேச்சே அங்கே கற்பித்தல். அந்தப் பள்ளிகள் விருப்பத் தேர்வுப் பள்ளிகள் அல்ல. இருந்தும் இந்த உண்மை இருவகை வகுப்புகளுக்கும் பொது.

நான் நேரில் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். களிமண் மேசையில் ஒரு பையன் கோப்பை செய்துகொண்டிருந்தான். கைப்பிடியை ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் கீறிவிட்டு, குழைத்த மண்ணைப் பசையாகத் தடவ வேண்டும். அவன் இரண்டையும் செய்யாமல் விரலால் அழுத்தி ஒட்டினான். காய்ந்தால் கைப்பிடி விரிசல் விட்டு விழும் என்பது பயிற்சி ஆசிரியைக்குத் தெரியும். வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். "இது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார். அவன் தோளைக் குலுக்கினான். அதே மேசையில் ஒரு பெண் திண்ணமான அடிப்பாகத்தோடு ஒரு தலையுருவம் செய்து, அன்றே சூளைக்கு அனுப்பும் அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். பயிற்சி ஆசிரியை ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. எடுத்து அவள் கையிலேயே கொடுத்து, உள்ளே குடைந்தெடுக்கச் சொன்னார், நன்றாகக் காயும்வரை காத்திருக்கச் சொன்னார். ஈரம் உள்ளே தங்கிய தடித்த மண் சூளையில் நீராவியால் வெடிக்கும். பக்கத்தில் இருக்கும் மற்றவர் வேலையும் சிதறும்.

இரண்டு பிழை, இரண்டு முடிவு. தன் வேலையை மட்டும் கெடுக்கும் பிழைக்குக் காத்திருக்கலாம், அது பாடம். பிறருடைய வேலையைக் கெடுப்பதற்கும் உடம்புக்கு ஊறு செய்வதற்கும் காத்திருக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை அந்த இளம் ஆசிரியை ஒரு நிமிட இடைவெளியில் கண்டு செயல்பட்டார். இதைவிட உயர்ந்த கற்பித்தல் திறனை நான் கண்டதில்லை. வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருந்த மேற்பார்வையாளரின் படிவத்தில் இதை எழுத ஓர் இடம்கூட இல்லை. பாட நோக்கம் தெளிவாகச் சொல்லப்பட்டதா, எல்லா மாணவரும் அதை அடைந்தார்களா, பாடம் முறையாக முடிக்கப்பட்டதா என்றுதான் அதில் கேள்விகள் இருந்தன.

விளைவு என்ன தெரியுமா? மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் மேசைகளையெல்லாம் மூடிவிட்டு, எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே தலைப்பு கொடுத்து, பயிற்சி ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். மாணவர்களும் பாவம், ஒத்துழைக்கிறார்கள். அடுத்த நாள் பழையபடி வகுப்பு நடக்கிறது. மேற்பார்வையாளர் முன் வகுப்பு நடத்திய யாருக்கும் இது புதிய செய்தி அல்ல. ஆசிரியர் எந்த வேலைக்காகப் பயிற்சி பெறுகிறாரோ அந்த வேலையை ஒளித்துவைத்து மதிப்பெண் வாங்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே எங்கும் காணக் கிடைக்காத ஒரு பள்ளிக்கலைப் பாணியைப் பள்ளிகளே உற்பத்தி செய்கின்றன என்று கலைக் கல்வி அறிஞர் ஆர்தர் எஃப்லண்ட் 1976இல் எழுதினார். அதை உற்பத்தி செய்வதில் நம் படிவங்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு சிக்கல் காலத்தைப் பற்றியது. இத்தகைய வகுப்பறை ஒரே நாளில் திறக்கப்படுவதில்லை. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு மேசையாக, ஒவ்வொன்றின் ஒழுங்கையும் பழக்கிய பிறகே திறப்பார்கள். உயர்நிலைப் பள்ளியில் இது இன்னும் கடினம். எட்டு ஒன்பது ஆண்டுகள் சொன்னதைச் செய்து பழகிய பிள்ளைகள், முதல் வாரங்களில் "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுக்கொண்டே நிற்பார்கள். சிலர் தெரிந்த அனிமே முகத்தையே திரும்பத் திரும்ப வரைவார்கள். அந்தத் தயக்கத்தை எப்படிக் கடப்பது என்பதே இந்தத் தொழிலின் மையம். ஆண்டின் பாதியில், ஜனவரியில், பயிற்சிக்கு வந்து சேர்பவர் அதைப் பார்ப்பதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வகுப்பைப் பார்த்துவிட்டு, சுதந்திரம் கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார். அடுத்த ஆண்டு தனியாக நிற்கும்போது வகுப்பு சந்தைக்கடையாகிவிடுகிறது. அந்தத் தோல்விக்கு முறையின் மீது பழி விழுகிறது.

திறன் குறைந்துவிடாதா என்று கேட்பவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. கைத்திறன் இல்லாத தேர்வு வெறும் தடுமாற்றம். அதனால்தான் நல்ல உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் தொடக்கத்தில் அடிப்படைப் பயிற்சிகளைக் கட்டாயமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் பள்ளிக் கல்வியின் மேல் படியில் அமெரிக்க மாணவர் எதிர்கொள்ளும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) கலைத் தேர்வைப் பாருங்கள். தாமே எழுப்பிய ஒரு கேள்வியைத் தொடர்ந்து ஆராய்ந்து, அதன் வழித்தடத்தைக் காட்டும் 15 படங்களையும், தேர்ந்தெடுத்த 5 படைப்புகளையும் மாணவர் அனுப்ப வேண்டும். கேள்வி எழுப்பவே விடாமல் வளர்த்த பிள்ளை அந்த 15 படங்களை எங்கிருந்து கொண்டுவரும்?

ஆகவே இந்தக் கருத்தரங்கின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். கற்பித்தல் பயிற்சி, கல்வியாண்டின் முதல் நாளில் தொடங்கட்டும். அதற்காகக் கல்லூரியின் பருவக் கால அட்டவணையை வளைக்க வேண்டியிருந்தாலும் வளையுங்கள். வழிகாட்டி ஆசிரியர், தாம் ஏன் ஒரு மாணவனிடம் போனார், இன்னொருவனை ஏன் விட்டுவிட்டார் என்பதை வகுப்பு முடிந்ததும் பயிற்சி ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். அனுபவசாலிகள் சொல்லாமல் செய்துவிடுவதால்தான் இளையவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை. மேற்பார்வையாளரின் படிவத்தில் பாட நோக்கம் கேட்கும் இடத்தில், இன்று எந்த மாணவரிடம் எதைக் கவனித்தீர்கள், என்ன பேசினீர்கள், எங்கே பேசாமல் இருந்தீர்கள், ஏன் என்று கேளுங்கள்.

முதல் இரண்டுக்கும் பணமும் அனுமதியும் வேண்டியிருக்கலாம். மூன்றாவதற்கு ஒரு தாள் போதும். அந்தத் தாளின் வரைவை நாளை மாலை நிறைவு அமர்வுக்கு முன் இந்த அவையே எழுதி முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.