பாணும் பிட்டும் ஒரு பிள்ளையும்

மாலையானால் ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளில் ஒரு சங்கீதம் கேட்கும். பீதோவன் என்னும் ஜெர்மானிய மேதை ஆக்கிய இசை அது. எங்களுக்கோ பாண் வண்டி வருகிறது என்ற அறிவித்தல். பழந்தமிழில் பாண் என்றால் பாட்டு. பாட்டைத் தொழிலாகக் கொண்டவர் பாணர். நாம் உண்ணும் பாணோ போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். இரண்டு பாணும் ஒரே வண்டியில் வருகின்றன என்று வகுப்பில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது என் வழக்கம்.

என் மகளுக்குப் பதினொரு வயதானபோது அந்தச் சிரிப்பு நின்றது. ஓயாத வயிற்றோட்டம், சோகை, உண்பது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. பல சோதனைகளின் பின் வைத்தியர் ‘சீலியாக்’ என்றார். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் உள்ள குளுட்டன் என்னும் புரதம் உள்ளே சென்றால் இவளது உடலே தன் சிறுகுடலைத் தாக்குகிறது. வாழ்நாள் முழுதும் அவற்றைத் தவிர்ப்பது ஒன்றே சிகிச்சை.

இதைக் கண்டறிந்த கதையிலும் பாண் உண்டு. ஒல்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியருக்குக் கோதுமையின் மீது முன்பே ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் போரினால் அங்கே பஞ்சம் வந்தது. பாண் அருகியபோது இந்நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். பாண் திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தமது ஆய்வேட்டில் கோதுமையே காரணம் என்று நிறுவினார்.

சோறு உண்ணும் நமக்கு என்ன கவலை என்றுதான் நானும் எண்ணினேன். ஆனால் 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, கூப்பனுக்குக் கோதுமை மா வந்தது. வந்த மா திரும்பிப் போகவில்லை. இன்று கடை இடியப்பத்திலும் வீட்டுப் பிட்டிலும் அவித்த கோதுமை மா கலந்திருக்கிறது. றவையும் கோதுமைதான். கட்டிப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மா சேர்வதுண்டு. மா அரைக்கும் மில்லிலோ எல்லாத் தானியத்துக்கும் ஒரே இயந்திரம்.

மகள் கேட்டது ஒன்றுதான்: “அம்மா, மற்றப் பிள்ளைகளைப்போல எனக்கும் இரண்டு துண்டு பாண் கட்டித் தாங்கோ.”

ஒரு கடையில் ‘அரிசி மா பாண்’ என்று எழுதியிருந்தது. வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாள் படுக்கை. போய் விசாரித்தால், “ரீச்சர், பாதி கோதுமை மா போடாவிட்டால் அது பொங்காதே” என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் உண்மைதான். ஈஸ்ற் உண்டாக்கும் வாயுவை வலைபோலப் பிடித்து வைப்பது குளுட்டன். வலை இல்லாவிட்டால் பாண் செங்கல்தான்.

என் முதல் நான்கு பாண்களும் செங்கற்களே. ஐந்தாவது தேறியது. அரிசி மா 200 கிராம், குரக்கன் மா 100, மரவள்ளி மா 100. தானியத்தைக் கழுவி உலர்த்தி வீட்டிலேயே அரைத்தது. வலைக்குப் பதிலாக இசப்கோல் உமி 20 கிராம். ஈஸ்ற், உப்பு, சீனி. தண்ணீர் 400 கிராமிலும் சற்று அதிகம். பிசைந்த மாவாக அன்றித் தடித்த களியாக இருக்கும். அதைத் தட்டில் ஊற்றிப் பொங்கவிட்டுப் போறணையில் வைக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகே வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் பசையாக ஒட்டும்.

அந்த வேலையில் நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது. வாயுவைப் பிடிக்கும் வித்தை நம் அடுக்களைக்குப் புதிதல்ல. உழுந்தின் வழவழப்புத்தானே இட்டலியைப் பொங்க வைக்கிறது? கள்ளு விட்டுப் புளித்த அப்பமா எத்தனை காலமாய்ப் பொங்குகிறது! சிலப்பதிகாரத்தின் புகார் நகரிலே பிட்டு விற்ற காழியரும் அப்பம் விற்ற கூவியரும் இருக்கிறார்கள். வந்திக் கிழவியின் உதிர்ந்த பிட்டுக்காக இறைவனே மண் சுமந்தான் என்கிறது திருவிளையாடல். இவற்றையெல்லாம் இருபது வருடம் படிப்பித்த எனக்கு, அந்தப் பிட்டைக் கலப்பில்லாமல் என் பிள்ளைக்கு அவிக்க அவளது நோய்தான் கற்றுத் தந்தது.

ஆயினும் நேயர்களே, மாவை விடக் கடினமானது மனிதரின் அன்பு. “ஒரு வாய்தானே, ஒன்றும் செய்யாது” என்று சொல்லாத உறவினர் இல்லை. குளுட்டன் அற்றது என்று ஓர் உணவைச் சொல்வதற்கு, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது சர்வதேச நியமம். ஒரு வாய் கேக் அதைவிட எவ்வளவோ பெரிது. ஒரு பிறந்தநாள் வீட்டில் என் மாமி, பேத்தியின் முகம் வாடுவதைப் பொறுக்காமல் அந்த ஒரு வாயை ஊட்டிவிட்டார். அன்றிரவு முழுதும் பிள்ளை சத்தி எடுத்தாள். மாமி அழுதுகொண்டே முதுகைத் தடவினார். நான் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரம் மாமி புதிய பிட்டுக் குழல் ஒன்று வாங்கி, கழுத்தில் சிவப்பு நூல் கட்டினார். அது பேத்திக்கு மட்டும். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் “இதில் என்ன மா சேர்த்தீர்கள்?” என்று முதலில் கேட்பவர் அவரே.

விருந்தோம்பலைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வற்புறுத்தி ஊட்டுவதையே அதன் உச்சமாகவும் எண்ணுகிறோம். உண்பவருக்கு எது ஆகாது என்று கேட்டறிந்து இலை போடுவதும் விருந்தோம்பலே. உங்கள் வீட்டுக்கும் இப்படியொரு பிள்ளை வரக்கூடும். வந்தால், ஒரு சிவப்பு நூலை நினைத்துக்கொள்ளுங்கள்.